சின்னக் குறைகள் உள்ள பழைய காரை விற்பது எப்படி? என் பீட்டிலை விற்ற அனுபவத்திலிருந்து

என்னிடம் இருந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சமீபத்தில் கைமாறியது. 1969-ல் தயாரானது, 1300 எஞ்சின். ஒழுங்காகப் பராமரித்த வண்டிதான். ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய காரில் குறையே இல்லாமல் இருக்குமா? அங்கங்கே கீறல், ஓரிடத்தில் துரு, எஞ்சினுக்கு அடியில் லேசான ஆயில் கசிவு எல்லாம் இருந்தன. அவ்வளவையும் வைத்துக்கொண்டே கேட்ட விலைக்கு மிக நெருக்கமாக விற்க முடிந்தது. வாங்க வருபவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே குறைகளை நானே எழுதிக் கையில் கொடுத்ததுதான் அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

காரைக் கழுவுவது, விளம்பரம் போடுவது போன்றவை உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

விற்கப் போகிறோம் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடலாம் என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். பழைய கார் வாங்குபவர் புதுப் பெயிண்டைப் பார்த்ததும் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். வண்டியின் அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். மங்கிப்போன ஒரிஜினல் பெயிண்டுக்கு இருக்கும் மதிப்பு, அவசரத்தில் அடித்த பளபளப்புக்குக் கிடையாது.

பீட்டிலுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2003 வரை மெக்சிகோவில் தயாரிப்பு நடந்தது. மொத்தம் 2.15 கோடிக்கும் மேல் வெளிவந்த கார் இது. சந்தையில் ஒப்பிட்டுப் பார்க்க வண்டிகள் நிறைய இருக்கும். கூட்டத்தில் உங்கள் கார் தனியாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு அதன் அசல் தன்மைதான் உதவும். ரப்பர் பீடிங், கைப்பிடி, விளக்குக் கண்ணாடி போன்ற உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைப்பதால் சின்னக் குறையைப் பார்த்து வாங்குபவர் மிரள மாட்டார்.

சரி, எதைத்தான் செய்வது? பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் அப்படியே விடாதீர்கள். பிரேக், விளக்குகள், வைப்பர், ஹாரன், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸை அழுத்திச் சொல்கிறேன். பீட்டிலில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, சூடான எஞ்சினுக்கு மேலேயே ஹோஸ் போகிறது. வெடிப்பு விட்ட ஹோஸிலிருந்து பெட்ரோல் சொட்டித் தீப்பிடிப்பது இந்த மாடலில் எல்லோரும் பயப்படும் விஷயம். செலவு சொற்பம், மாற்றிவிடுங்கள். எஞ்சின் அறைக்குள் யாராவது பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் எடுத்து, டேங்க் பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.

படி 2: எண்களையும் காகிதங்களையும் ஒன்றுசேருங்கள்

பீட்டிலின் சேஸிஸ் எண், பின் சீட்டைத் தூக்கினால் தரையின் நடுவில் மேடாக ஓடும் டனலின் மேல் குத்தியிருக்கும். எஞ்சின் எண், டைனமோ உட்கார்ந்திருக்கும் தாங்கிக்குக் கீழே கிராங்க்கேஸில், அதாவது எஞ்சினின் உலோக உறையில் இருக்கும். இரண்டையும் துணியால் துடைத்து, பதிவுச் சான்றில் உள்ள எண்களோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்ட வண்டியானால் அது குற்றமல்ல, நிறையப் பீட்டில்கள் அப்படித்தான். ஆனால் சான்றில் ஓர் எண், உலோகத்தில் வேறோர் எண் என்றால், விளம்பரம் போடும் முன்பே பதிவைத் திருத்திவிட வேண்டும். விலை பேசி முடித்த பிறகு இது தெரியவந்தால் அந்த வியாபாரம் அதோடு சரி.

ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வேகன் ஆட்டோமியூசியம் அறக்கட்டளை, சேஸிஸ் எண்ணை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் தருகிறது. வண்டி எப்போது தயாரானது, என்ன நிறத்தில் வெளிவந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரிஜினல் நிறம் இதுதான் என்று நீங்கள் வாயால் எவ்வளவு சொன்னாலும் இந்த ஒரு காகிதத்துக்கு ஈடாகாது.

இன்னொன்று, ஓடோமீட்டர். இந்தக் கார்களில் ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் 'இவ்வளவு கிலோமீட்டர்தான் ஓடியது' என்று எழுதாதீர்கள். 'மீட்டரில் காட்டுவது இது, என்னிடம் இருந்தபோது ஓடியது இவ்வளவு, பில்கள் உள்ளன' என்று எழுதுங்கள்.

படி 3: குறைப் பட்டியல்

பதிவில் முக்கியமான இடம் இதுதான். அவசரமில்லாத ஒரு காலையில் உட்காருங்கள். தேவையானவை மாஸ்கிங் டேப், டார்ச், ஒரு காந்தம், நோட்டு, பேனா.

வாங்கப் போகிறவர் நீங்களே என்று நினைத்துக்கொண்டு காரைச் சுற்றி மெதுவாக வாருங்கள். குறை தெரியும் இடத்தில் எல்லாம் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதுங்கள். டேப் ஒட்டாமல் மனதிலேயே குறித்துக்கொண்டு போனால் பாதி விட்டுப்போகும், ஏனென்றால் நம் வண்டியின் குறை நம் கண்ணுக்குப் பழகியிருக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல், கதவின் பரப்பை ஒட்டிப் படுக்கவைத்தாற்போல் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத ஒடுக்கு எல்லாம் அப்போது நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் பீட்டிலுக்கே உரிய இடங்கள். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆசிட் கசிந்து அங்கே தரைத்தகடு அரிப்பது வழக்கம். பேட்டரியைத் தூக்கி எடுத்துவிட்டுப் பாருங்கள், எட்டிப் பார்த்தால் போதாது. கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் ஹீட்டர் சேனல்களைத் தட்டிப் பாருங்கள். அவை சூடான காற்றை முன்னால் கொண்டுபோகும் குழாய் மட்டுமல்ல, பாடியைத் தாங்கும் உறுப்பும்கூட. அங்கே ஓட்டை விழுந்திருந்தால் அதைச் சின்னக் குறை என்று சொல்லக் கூடாது. அந்த வண்டிக்கான விளம்பரமும் விலையுமே வேறு.

எழுதும் விதத்தைக் கவனியுங்கள். 'வயதுக்கேற்ற சில குறைகள் உண்டு' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. படிப்பவர் அந்த இடத்தில் தன் மனதில் உள்ள மோசமான படத்தை எல்லாம் வரைந்துகொள்வார். ஒவ்வொரு குறைக்கும் எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து, நான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்ற ஐந்துக்கும் பதில் இருக்க வேண்டும். என் பட்டியலிலிருந்து இரண்டு:

'எண் 4. இடது பின் மட்கார்டின் கீழ் விளிம்பில், போல்ட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குத் துரு. மேல்துரு மட்டுமே, ஓட்டை இல்லை. இரண்டு மழைக்காலமாக இருக்கிறது, பரவவில்லை. துரு தடுப்பான் தடவியிருக்கிறேன், பெயிண்ட் அடிக்கவில்லை.'

'எண் 9. வலது பக்கப் புஷ்ராடு குழாய்களின் முனையில் ஆயில் கசிவு. ஓட்டி நிறுத்தினால் மறுநாள் காலை தரையில் ஓரிரு சொட்டு இருக்கும். ஆயில் மாற்றங்களுக்கு இடையே மேலே ஊற்ற வேண்டி வந்ததில்லை. சீல் மாற்றவில்லை.'

இந்த இரண்டையும் படிக்கிறவர் கணக்குப் போட்டுவிடலாம். மட்கார்டு போல்ட்டில் மாட்டியது, கழற்றிச் சரிசெய்யலாம். புஷ்ராடு குழாய்கள் எஞ்சினின் அடியில் இருப்பவை, அவற்றின் முனையில் ஆயிலைத் தடுக்கும் சீலை எஞ்சின் இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அளவு தெரிந்த குறைக்கு ஒரு செலவு உண்டு, அதோடு முடிந்தது. அளவு தெரியாத குறைக்குத்தான் விலை தாறுமாறாக இறங்கும்.

முன்பு செய்த வேலைகளையும் மறைக்காதீர்கள். பழைய விபத்து, ஒடுக்கை நிரப்பப் பட்டி போட்ட இடம், மறுபெயிண்ட் அடித்த கதவு எல்லாம் பட்டியலில் வரட்டும். பெயிண்ட் தடிமன் காட்டும் மீட்டர் கிடைத்தால் நல்லது. அது இல்லாவிட்டால், ஃப்ரிட்ஜில் ஒட்டும் மெல்லிய வளையும் காந்தமே என் விருப்பம். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கிவிடும். வலுவான உருண்டைக் காந்தம் வேண்டாம், பட்டிக்கு மேலும் பிடித்துக்கொண்டு ஏமாற்றும், பெயிண்டையும் கீறும்.

படி 4: படங்கள்

மேகமூட்டமான நாள் அல்லது காலை வெளிச்சம். கார் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான பெயிண்டில் மங்கலும் கீறலும் தெரியாது. அனுபவமுள்ளவர்களுக்கு இது தெரியும் என்பதால், நனைந்த காரின் படத்தை அவர்கள் நம்புவதில்லை. போன் கேமரா போதும், ஆனால் வைடு லென்ஸ் வேண்டாம். பீட்டிலின் வளைவுகள் அதில் கோணலாகிவிடும். சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.

ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம் வேண்டும். தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. பட்டியலில் உள்ள எண்ணையே படத்துக்கும் கொடுங்கள். டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படம் எடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம். மேல்பூ புதிதாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும், அதனால் நல்ல வாங்குபவர் இதைக் கட்டாயம் கேட்பார்.

கடைசியில் ஒரு வீடியோ. இரவு முழுவதும் நின்ற வண்டியை, எஞ்சின் மேல் கை வைத்துக் குளிர்ச்சியைக் காட்டிவிட்டு, வெட்டாமல் ஒரே ஓட்டமாக ஸ்டார்ட் செய்து எடுங்கள். சைலன்சரும் படத்தில் வரட்டும்.

படி 5: விலை

விளம்பரங்களில் கேட்கும் விலைகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஏல முடிவுகள், உரிமையாளர் குழுக்களில் பேசப்படும் கைமாறிய விலைகள் ஆகியவைதான் உண்மை நிலவரம். குறைகளுக்கான செலவை நீங்களே கழித்து, விலையைக் குறிக்கும் வரிக்குக் கீழேயே 'பட்டியலில் உள்ள குறைகளைக் கணக்கில் எடுத்தே இந்த விலை' என்று எழுதுங்கள்.

படி 6: ஆள் வந்து பார்க்கும் நாள்

வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பட்டியலை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். அவரே எண் எண்ணாகச் சரிபார்க்கட்டும்.

பீட்டில் தெரிந்தவர் வந்தால் எஞ்சினின் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பார். எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்டின் ஆட்டத்தைப் பார்க்கிறார் என்று அர்த்தம். 0.15 மி.மீ.-க்கு மேல் போனால் எஞ்சினைப் பிரிக்கும் வேலை. முன்கூட்டியே டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து அளந்து, அந்த அளவைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். எனக்கு மிகவும் உதவிய ஒரு வரி அது.

ஒரு சின்ன விஷயம். இந்த வயது பீட்டிலில் கண்ணாடி கழுவும் தண்ணீரைத் தள்ளுவது ஸ்டெப்னி டயரின் காற்றுதான். காற்று இறங்கினால் தண்ணீர் வராது. பார்க்க வருபவர் பழுது என்று நினைத்துவிடுவார். ஸ்டெப்னிக்குக் காற்றடித்து வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதில், முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பார்க்காமல் சாவி கொடுக்காதீர்கள், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும்.

படி 7: பணமும் கையெழுத்தும்

பணம் உங்கள் கணக்கில் வந்துசேர்ந்ததை நீங்களே பார்த்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். அனுப்பிவிட்டதாக வரும் ஸ்க்ரீன்ஷாட் பணம் ஆகாது. விலைக்கு மேல் தொகை அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விற்பனைச் சீட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். குறைப் பட்டியலை அதோடு இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். 'உள்ளது உள்ளபடி' என்ற ஒற்றை வரியைவிட இது பலமடங்கு உறுதி. எதைப் பார்த்து வாங்கினார் என்பது அதில் வரிவரியாக இருக்கிறது. உரிமை மாற்றத்தை அன்றைக்கே பதிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த சிலர், பட்டியலைக் காட்டியே விலையைக் குறைக்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். பட்டியலை ஆள் வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அதைப் படித்து, விலையையும் தெரிந்துகொண்டு கிளம்பி வந்தவரிடம், 'இவை விலையில் ஏற்கெனவே கழிந்தவை. பட்டியலில் இல்லாத குறை ஏதாவது கண்டீர்களா, அதைப் பற்றிப் பேசலாம்' என்று சொல்லலாம். என்னிடம் வாங்கியவர் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார், கையுறைப் பெட்டியின் மூடிக் கீல் தளர்ந்திருந்தது. அதற்கு உரியதைக் குறைத்தேன். மற்ற எதையும் அவர் கிளறவில்லை.

தொலைவில் இருந்து வாங்குபவருக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவர் தரப்பு மெக்கானிக் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள், கட்டணம் அவருடையது. மெக்கானிக் கையிலும் அதே பட்டியலைக் கொடுங்கள்.

கழற்றி வைத்த பழைய பாகங்களைத் தனியாக விற்கலாமா என்றும் ஒரு கேள்வி. விற்காதீர்கள். காரோடு வந்த கார்புரேட்டர், ஸ்டியரிங், ஹப் மூடி எதுவாக இருந்தாலும் பெட்டியில் போட்டு, என்னென்ன என்று எழுதி ஒட்டி, வண்டியோடு சேர்த்து விளம்பரத்திலேயே காட்டுங்கள். தனியாக விற்றால் கிடைப்பதைவிட அதிகமாக அது காரின் விலையைத் தாங்கிப் பிடிக்கும்.