தொடர்மாடி வீட்டுக் குடிபூரலுக்கு அலுவலக ஆட்களையும் அழைத்தது: என் அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் புது வீடு ஒரு தொடர்மாடியில். ஹோலில் பத்துப் பேர் இருந்தாலே நெருக்கம். அதனால் நாளைப் பிரித்தோம்: காலையில் சொந்தக்காரருடன் பால் காய்ச்சல், பின்னேரம் நாலு மணிக்கு நண்பர்கள், ஆறரைக்கு அலுவலக ஆட்கள்.

பெரிய சிக்கல் சாப்பாடுதான். முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் வேண்டும், சிலருக்கு மாட்டிறைச்சி ஆகாது, சிலர் முழுச் சைவம். தனித்தனிச் சட்டி வைத்தால் யாராவது ஒருவர் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுவார்; வீட்டுக்கு வந்தவரை அப்படி விட எனக்கு மனமில்லை. எல்லாமே மரக்கறி என்று முடிவெடுத்தோம்: இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல், உளுந்து வடை. சம்பலில் மாசிக் கருவாடு போடவேண்டாம் என்று சமைப்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். கொழும்பில் பலர் கேட்காமலே போட்டுவிடுவார்கள்.

அப்புறம் வாகனம். ஒழுங்கையில் நிறுத்த இடமில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தையில் இறங்கி நடந்து வரலாம் என்று அழைப்பிலேயே எழுதினோம். பலர் அப்படியே வந்தார்கள்.

அலுவலகத்தில் ஒரு சிங்களத் தோழியை மட்டும் காலையிலேயே வரச் சொன்னோம். அவர்கள் வீடுகளிலும் குடிபுகும்போது பால் பொங்க விடுவார்கள். அவள் கிரிபத்தோடு (பாற்சோறு) வந்தாள்.