உங்கள் குடும்பப் பெயருக்கு எந்த டார்ட்டன்?

ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பமா? குலத்துக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி வடிவம் கொண்ட கட்டம் போட்ட துணிதான் டார்ட்டன். அதை வாங்கும் முன், ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேட்டில் குடும்பப் பெயரைப் போட்டு இணையத்திலேயே இலவசமாகத் தேடுங்கள்.

பெயர் வரவில்லையா? சின்னக் குடும்பங்கள் பல, பெரிய குலங்களை அண்டி வாழ்ந்தவை. டெய்லர் என்றால் கேமரன் குலத்துடையதைப் பார்க்கலாம்: சிவப்பு, பச்சைக் கட்டத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடும். அம்மா வழி, பாட்டி வழிப் பெயர்களும் சரிதான். அப்புறம் எடின்பரோ, கிளாஸ்கோ என ஊர்களுக்கும் தனி டார்ட்டன் உண்டு.

'ஆதிகாலத்துக் குல அடையாளம்' என்று கடைக்காரர் அளந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். குலத் தலைவர்களிடம் மாதிரித் துணி கேட்டு லண்டன் ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) சங்கம் திரட்டத் தொடங்கியதே 1815இல்தான். பிடித்ததை உடுத்தச் சட்டத் தடை எதுவும் இல்லை. சாம்பல் நிற ‘பால்மோரல்’ டார்ட்டனை மட்டும் அரச குடும்பத்துக்கு விட்டுவிடுங்கள்.