1955 செவர்லே பம்பர்: போல்ட் தலையும் இணைப்புக் கோடும் இல்லாமல்

இந்தக் காரின் முன் பம்பர் மூன்று துண்டு. அதை ஒன்றாக்க, முதலில் முலாம் போடும் பட்டறையில் குரோமியம், நிக்கல் இரண்டையும் முழுதாகக் கழற்றி வாங்குங்கள். முலாம் மேலேயே வெல்டிங் வைத்தால் பற்றில் (வெல்டிங் இணைப்பில்) துளை விழும். கிளம்பும் குரோமியப் புகை நுரையீரலுக்கு விஷம்.

துண்டுகளைக் காரிலேயே பொருத்தி, ஃபெண்டர் (சக்கரத்தின் மேலுள்ள தகடு) இடைவெளி இருபக்கமும் சரியாக வந்தபின் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வையுங்கள். மேசையில் வைத்து ஒட்டிய பம்பர் காரில் உட்காராது.

வெல்டிங்குக்கு டிக்தான் (கம்பியைக் கையால் கொடுக்கும் முறை) என் தேர்வு, 1.6 மி.மீ. கம்பியுடன். மிக் (கம்பி தானாக வரும் முறை) பற்று கெட்டியாக இருக்கும். அரம் போடும்போது பற்று நிற்கும், சுற்றியுள்ள தகடு பள்ளமாகும். ஒரு அங்குலம் ஒட்டி, தள்ளி வேறிடம் போங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் வளையும்.

போல்ட் துளைகளை அதே கனத் தகட்டால் அடைத்து, பின்புறம் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) வெல்டிங் செய்து ஒட்டுங்கள். பிராக்கெட் (பம்பரைத் தாங்கும் பட்டை) துளைகளைக் கொஞ்சம் நீளமாக்கினால் பிறகு நகர்த்தலாம்.

அசல் வேலை தேய்ப்பில். மார்க்கர் மை பூசி நீள அரம் ஓட்டினால் மை நிற்கும் இடமே பள்ளம். பிறகு 80, 120, 180, 320 எண் உப்புத்தாள். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) மட்டும் வைக்காதீர்கள்: அதில் மின்சாரம் ஓடாது, முலாம் பிடிக்காது. நுண்குழிகளைத் தாமிரம் ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றி நிரப்பலாம். மேல் குரோமியம் ஒரு மைக்ரான்கூட வராது. எந்தக் கீறலையும் மறைக்காது.

முலாம் போடும்போது ஸ்டட் மரைகளை மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் நட் ஏறாது.