முகம் கோணிவிட்டால் மாத்திரை முக்கியம், அதைவிடக் கண் முக்கியம்

வாய் ஒரு பக்கம் கோணிப்போனால் கண்ணாடி முன் நின்று புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பக்கம் நெற்றியில் சுருக்கமே விழவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் பெரும்பாலும் அது முக நரம்பு வீங்கி வரும் முகவாதம், டாக்டர்கள் பெல்ஸ் பால்சி என்பார்கள். நெற்றி நன்றாகச் சுருங்குகிறது, வாய் மட்டும் கோணல், அல்லது கை துவள்கிறது, பேச்சு குளறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ். எது என்று குழப்பமாக இருந்தாலும் அதேதான்.

முகவாதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும், வழக்கமாகப் பத்து நாள் தருவார்கள். சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மாத்திரையில் அது எகிறும். காதில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அக்கி வைரஸ் முக நரம்பைப் பிடித்திருக்கலாம், அதற்கு வைரஸ் மருந்தும் சேர வேண்டும், அக்கி எழுதிவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

சரி, கண்ணுக்கு வருவோம். எல்லாரும் வாய்க் கோணலைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள், மூடாத கண்ணோ காய்ந்து கருவிழியில் புண் வந்துவிடும், முகம் சரியானாலும் அந்தத் தழும்பு பார்வையை மறைக்கும். பகலில் மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, பைக்கில் போனால் கண்ணாடி. இரவில் கீழிமைக்குள் கண் களிம்பு வைத்து, விரலால் மேலிமையை மெதுவாக இறக்கி, பேப்பர் டேப்பால் ஒட்டிவிட்டுத் தூங்குங்கள். கண் சரியாக மூடாமல் மேலே பஞ்சு வைத்துக் கட்டினால் பஞ்சே கருவிழியை உராயும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். விட்டுவிடுங்கள். முக்கிச் செய்யும் பயிற்சியால் நரம்பு தாறுமாறாக இணைந்து, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் தொல்லை வரலாம் என்பதால், கண்ணாடி பார்த்து மெதுவாக, சின்னச் சின்ன அசைவுகளாகச் செய்வதே நல்லது. கரண்ட் வைப்பதால் பலன் என்று உறுதியான ஆதாரம் இல்லை. பத்தில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலேயே முழுதாகச் சரியாகும், மாத்திரை அந்த வாய்ப்பைக் கூட்டும். மூன்று வாரத்தில் அசைவே தெரியவில்லை, அல்லது மூன்று மாதத்தில் முழுதாகத் தேறவில்லை என்றால் நரம்பு டாக்டரைப் பாருங்கள்.

பார்வை நரம்பு கதை வேறு. ஒரு கண்ணில் பார்வை மங்கி, விழியை அசைத்தால் வலித்து, சிவப்பு பாட்டில் மூடி அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். இதற்கு மெடிக்கலில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்: 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான அளவு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது, ரத்தக் குழாய் வழியே கொடுத்த ஸ்டீராய்டு ஊசிதான் பார்வையைச் சீக்கிரம் திருப்பியது. ஐம்பது வயது தாண்டி, நெற்றிப்பொட்டுப் பக்கம் தலைவலி, மெல்லும்போது தாடைவலி, கூடவே பார்வை மங்கல் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அடுத்த கண்ணும் போய்விடக்கூடும்.