பி ஷிப்ட் முடித்தவர் விடிகாலை ஏ ஷிப்டுக்கு வரலாமா? ஐரோப்பியப் பேச்சுவார்த்தையை ஓசூரில் நடத்திப் பார்க்கும் முறை

ஐரோப்பியக் கம்பெனியின் ஆலை ஓசூர் சிப்காட்டில் இருந்தால், வேலை நேர விதிகள் ஐரோப்பாவில் எப்படிப் பேசி முடிவாகின்றன என்பது இங்குள்ள சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தொழிலாளர், முதலாளி அமைப்புகள் பேசி எட்டும் உடன்பாட்டை உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கவுன்சில் ஏற்றால், அது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் விதியாகும். வகுப்பெடுத்தால் மனதில் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்திப் பார்த்தால் நிற்கும். 24 பேர், ஒரு ஹால், ஒரு கரும்பலகை, ஒரு கடிகாரம் போதும்.

தொழிலாளர் தரப்புக்கு 6 பேர், முதலாளி தரப்புக்கு 6 பேர், ஒன்றியத்தின் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையத்துக்கு 3 பேர், அமைச்சர்கள் கவுன்சிலுக்கு 9 பேர். முதலாளி தரப்பை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள்: பெரிய கம்பெனிகளுக்கு பிசினஸ்யூரோப், சிறுதொழிலுக்கு எஸ்எம்இ யுனைட்டெட், பொதுச் சேவைகளுக்கு எஸ்ஜிஐ யூரோப். மூவருக்கும் வேண்டியது ஒன்றல்ல. அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் தொழிலாளர் தரப்பின் முதல் வேலை.

முதல் சறுக்கல் சம்பளத்தில் வரும். தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில், சமரச அதிகாரி முன் ஒப்பந்தம் போட்டுப் பழகியவர்கள் எடுத்த எடுப்பில் சம்பளத்தைப் பேசுவார்கள். ஐரோப்பிய ஒன்றியச் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 153-ஆம் பிரிவு சம்பளம், சங்கம் சேரும் உரிமை, வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றை இந்தப் பாதையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் வேலை நேரத்தை மட்டும் எடுங்கள்.

இப்போதிருக்கும் விதி ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேர நெறிமுறையில் (டைரக்டிவ்) இருக்கிறது. கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு, ஆண்டுக்கு 4 வாரச் சம்பள விடுப்பு, வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மிகாத வேலை. 48 நமக்குத் தெரிந்த எண்தானே என்று கடந்துவிடக் கூடாது. அங்கே ஓ.டி.யும் அந்த 48-க்குள் அடங்கும். சராசரியை 4 மாதம் வரை கணக்கிடலாம். 17 வாரம் என்றால் 816 மணி. 8 வாரம் 56 மணியும் 9 வாரம் 40 மணியும் பார்த்தவருக்கு 808, விதிக்குள் வருகிறது. ஒரே ஒரு வாரம் கூடுதலாக 56 ஆனால் 824, மீறிவிட்டது.

11 மணி ஓய்வை நம் ஷிப்டில் வைத்துப் பாருங்கள். பி ஷிப்ட் இரவு 10-க்கு முடிகிறது. அதே ஆளை மறுநாள் காலை 6 மணி ஏ ஷிப்டுக்கு மாற்றினால் நடுவில் 8 மணி நேரம். கிருஷ்ணகிரிக்காரர் வீட்டுக்குள் நுழையும்போது 11.15, திரும்ப பஸ் ஏற 4.45. மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம், சாப்பாடும் குளியலும் அதற்குள்தான். ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு போகிறவரின் தூக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ஏ (காலை), பி (மதியம்), சி (இரவு) என்று முன்னோக்கிச் சுழற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி நேரம் கிடைக்கும். ஆள் கூட்ட வேண்டியதில்லை, செலவும் இல்லை. முதலாளி தரப்பு மறுக்க முடியாத கோரிக்கையை முதலில் வைக்க வேண்டும், இது அப்படிப்பட்டது.

பேச்சுவார்த்தைக்கு அதே ஒன்றிய ஒப்பந்தம் தரும் கெடு 9 மாதம். இரு தரப்பும் ஆணையமும் சேர்ந்து நீட்டிக்கலாம். மாதத்துக்குப் பத்து நிமிடம் என்று 90 நிமிடம் வையுங்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் ஒரு உறையில் இருக்கிறது. பேச்சு முறிந்தால் என்ன செய்வோம் என்பதை ஆணையத்து மூவரும் முன்கூட்டியே எழுதி உறையில் போட வேண்டும். இரண்டு சுற்று நடத்துங்கள். முதல் சுற்றில் உறையைப் பிரிக்காதீர்கள். இரண்டாவதில், "முறிந்தால் நாங்களே சட்டம் கொண்டுவருவோம்" என்று தொடக்கத்திலேயே படித்துவிடுங்கள். முதலாளி தரப்பு இறங்கி வரும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2011 கடைசியில் இதே வேலை நேர விதியைத் திருத்த ஐரோப்பாவில் இரு தரப்பும் உண்மையிலேயே உட்கார்ந்தார்கள். 2012 டிசம்பரில் முறிந்தது. அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமா என்பதும், 48-ஐத் தாண்ட தொழிலாளியிடம் தனியாகக் கையெழுத்து வாங்கலாமா என்பதும் தீரவில்லை. பழைய விதி அப்படியே நின்றது. பேச்சு முறிந்தால் யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போடாமல் மேசைக்குப் போகக் கூடாது.

உடன்பாடு எட்டினால் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். ஒன்பது பேருக்கும் ஆளுக்கு மூன்று நாடு, மொத்தம் 27. வாசகத்தில் கை வைக்காமல் ஏற்கலாம் அல்லது தள்ளலாம். ஏற்க 15 நாடுகளும் மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதமும் வேண்டும். கை தூக்கியவர்களை மட்டும் எண்ணி, அதில் பெரும்பான்மை பார்ப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்ப்பாகவே முடியும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்தாலும் தடுக்க முடியாது. நான்காவதாக ஒரு நாடு வேண்டும்.

இந்த விதிக்கு நம் ஆலையில் சட்ட பலம் கிடையாது. ஆகவே கோரிக்கைப் பட்டியலில் "ஐரோப்பியச் சட்டப்படி" என்று எழுதாதீர்கள். நிர்வாகம் ஒரே வரியில் தள்ளிவிடும். "தாய்க் கம்பெனியின் ஆலைகளில் நடைமுறையில் இருப்பதுபோல் இரு ஷிப்டுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு" என்று எழுதுங்கள். கூடவே, நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கடந்த மூன்று மாத ஷிப்ட் பட்டியலின் நகலில், 8 மணி நேரத்தில் திரும்பி வரவேண்டியிருந்த ஒவ்வொரு பெயரின் கீழும் சிவப்பு மையில் கோடு போட்டு இணையுங்கள்.