தத்துப்பிள்ளை தன் பழைய கோப்பைக் கேட்டுப் பெறும் முறை

பிறந்த சில நாட்களில் சென்னைக் குழந்தைகள் இல்லமொன்றில் சேர்க்கப்பட்டு, ஆறாம் மாதத்தில் தத்துக் கொடுக்கப்பட்ட நான், அந்த ஆறு மாதப் பதிவுகளைப் பெற்று முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதலில் விண்ணப்பம். பதினெட்டு வயது நிறைந்தவர் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் இணையதளத்தில் வேர் தேடலுக்கு, அதாவது தம் பிறப்புப் பின்னணியைத் தேடித் தருமாறு, தாமே விண்ணப்பிக்கலாம். இளையவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் தேடுவதை 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை என்பதால், தரகரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தகவல் அறியும் உரிமை மனுவில் தொடங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; தனிநபர் தகவல் என்று மறுத்துவிட வாய்ப்பு மிகுதி.

நான் நான்கு மாதங்களை இழந்தது இதற்கு அடுத்த இடத்தில்தான். இன்றைய பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி அனுப்பினேன். அப்படியொரு குழந்தை பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. நம் பெயர் வளர்த்தவர்கள் வைத்தது. சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதோ இல்லத்தார் இட்ட பெயர். பிறப்புச் சான்றிதழிலும் வளர்ப்புப் பெற்றோரின் பெயர்களே இருப்பதால் அது இதற்கு உதவாது. இரண்டு பெயர்களையும் இணைத்துக் காட்டியது நீதிமன்ற உத்தரவு. கைவிடப்பட்ட குழந்தையையோ பெற்றோர் யாரெனத் தெரியாத குழந்தையையோ நீதிமன்ற அனுமதியுடன்தான் தத்துக் கொடுக்க முடியும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 9(4) பிரிவு. எனவே முதலில் வீட்டுப் பீரோவைத் தேடுங்கள். உத்தரவு கிடைக்காமல் மனு எண் மட்டும் கிடைத்தாலும், அதைக் கொண்டு அதே நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

(பிற்சேர்க்கை: கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த வாசகர் ஒருவர், தமக்கும் இத்தகைய உத்தரவு இருக்குமா என்று கேட்டிருந்தார். நான் தத்துக் கொடுக்கப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தத்து உத்தரவு இராது. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படியான பாதுகாவலர் நியமன உத்தரவைத் தேட வேண்டும்.)

கோப்பு கிடைத்துவிட்டதென்று தகவல் வந்ததும், தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, பெற்றவர் குழந்தையை ஒப்படைத்தபோது எழுதிக்கொடுத்த ஒப்படைப்புப் பத்திரம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இயன்றால் நேரில் சென்று பாருங்கள். எனக்கு அனுப்பிய சுருக்கத்தில் 'ஆரோக்கியமான பெண் குழந்தை' என்ற ஒரு வரிதான் இருந்தது. பதிவேட்டுப் பக்கத்திலோ எடை 1 கிலோ 900 கிராம், மஞ்சள் காமாலை, பாலாடையில் பால் புகட்டப்பட்டது என்றிருந்தது. ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், 'தூக்கி வைத்திருந்தால்தான் உறங்குகிறாள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வரியை என் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தேன்.

பெற்ற தாய் தம் அடையாளத்தை மறைக்கக் கோரியிருந்தால், அவருடைய எழுத்துப்பூர்வமான இசைவின்றி அதைத் தரமாட்டார்கள். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் மறுத்தாலும், அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் எக்காரணத்தால் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதையும் கேட்டு விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லம் மூடப்பட்டிருந்தால், அது இருந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள்.