நாற்பதை ஒட்டி முதல் ஜியு-ஜிட்சு போட்டி: கோலாலம்பூரில் தொடங்குவோருக்கு

முப்பத்தைந்து தாண்டியபின் களத்தில் இறங்கிப் பார்க்க ஆசை வந்தால், எந்த விளையாட்டில் இறங்குவது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஒலிம்பிக் பாணிக் குத்துச்சண்டையில் எலைட் பிரிவுக்கு உச்சவரம்பு 40 வயது. எதிரில் நிற்பவனுக்கு இருபது வயது இருக்கலாம், அடியும் தலையில்தான் விழும். ஜூடோவில் 30 வயதிலிருந்தே வெட்டரன்ஸ் பிரிவு உண்டு. ஆனால் தூக்கிப் போடப்படும்போது விழப் பழகாத உடம்பு தோளையும் முழங்காலையும் கெடுத்துக்கொள்ளும். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் குத்தும் உதையும் கிடையாது. ஆட்டம் பெரும்பாலும் தரையில் நடக்கும், பிடி இறுகினால் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். தாமதமாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கீழே உள்ளவை கி என்னும் தடித்த பருத்திச் சீருடையில், தொடக்கநிலையான வெள்ளை பெல்ட்டில் ஆடும் முதல் போட்டிக்கானவை.

1. கிளினிக்

மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையேதான் மிக அதிகம். அதனால் ஜிம்மில் பணம் கட்டுமுன் ரத்த அழுத்தமும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சி நேரத்தைச் சொல்லி மருத்துவரிடம் அளவு பேசிக்கொள்ள வேண்டும். கடும் பயிற்சி முடிந்து சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கக்கூடும்.

2. எந்தப் பிரிவு

போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள். பிறந்தநாள் வந்துவிட்டதா என்பது கணக்கில் இல்லை. சர்வதேசப் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி 30–35 மாஸ்டர் 1, 36–40 மாஸ்டர் 2, 41–45 மாஸ்டர் 3. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் போய், 61இல் மாஸ்டர் 7 தொடங்குகிறது. 1985 டிசம்பரில் பிறந்தவர் 2026 ஜனவரியிலேயே மாஸ்டர் 3.

பல உள்ளூர்ப் போட்டிகள் இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வயதில், எடையில் ஆள் சேரவில்லை என்றால் பிரிவுகளை இணைப்பார்கள். ‘மாஸ்டர்’ என்று பதிந்துவிட்டு 24 வயதுக்காரர் எதிரில் நிற்பது இப்படித்தான். பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆள் இல்லாவிட்டால் எந்தப் பிரிவோடு சேர்ப்பீர்கள்? வேண்டாம் என்றால் பணம் திரும்ப வருமா?

3. பன்னிரண்டு வாரம்

குறைந்தது ஆறு மாதம் பழகியபின் தேதி குறியுங்கள். வாரத்துக்கு மூன்று வகுப்பு போதும்; கடுமையாக உருளும் (பயிற்சி ஆட்டம் ஆடும்) இரண்டு நாள்களுக்கு இடையே 48 மணி நேரம் விடுங்கள். இருபது வயதுக்காரர்களைப் பார்த்து வாரம் ஆறு நாள் போனால் ஐந்தாவது வாரத்தில் விலா எலும்போ விரல் மூட்டோ போய்விடும்.

முதல் நான்கு வாரத்தில் நான்கே விஷயம்: நின்ற நிலையிலிருந்து தரைக்குப் போக ஒரு வழி, கார்டை (கீழே இருப்பவர் கால்களால் தடுக்கும் நிலையை) கடக்க ஒரு வழி, கீழே மாட்டினால் புரட்ட ஒரு ஸ்வீப், முடிக்க ஒரு பிடி. யூடியூப்பில் பார்த்த ஐந்தாவதைச் சேர்க்காதீர்கள். சிலம்பம் சுற்றியவர்களுக்குக் கால்வைப்பு நன்றாக வரும். ஆனால் எதிராளி காலரைப் பிடித்துவிட்டால் அந்தத் தூரக் கணக்கு உதவாது. கைப்பிடியை உடைப்பதைத் தனியே பழக வேண்டும்.

அடுத்த ஆறு வாரம், நின்ற நிலையில் தொடங்கி 5 நிமிடச் சுற்றுகள். வெள்ளை பெல்ட் ஆட்டம் அவ்வளவு நேரம்தான். ஒரு சுற்று, 10 நிமிட ஓய்வு, மீண்டும் ஒரு சுற்று. முதலில் தோற்பது முன்கைகள். விடாமல் இறுக்கிப் பிடித்தால் தசைக்கு ரத்தம் போகாது. இரண்டாவது நிமிடத்தில் கை மரக்கட்டையாகிவிடும். இழுக்கும்போதும் தள்ளும்போதும் மட்டும் இறுக்கி, மற்ற நேரத்தில் கொக்கிபோல் மாட்டி வையுங்கள். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்து, போட்டிக்கு முந்தைய நான்கு நாள்களில் யாரோடும் உருளாதீர்கள்.

தைப்பூசத்தை ஒட்டிய தேதிகளைத் தவிர்ப்பது நல்லது. விரதத்தோடு கடும் பயிற்சி ஒத்துப்போகாது. வெறுங்காலில் பத்துமலையின் 272 படி ஏறியவரின் பாதமும், அலகு குத்திய காயமும் ஆறுமுன் பயிற்சி விரிப்பான மேட்டில் இறங்கினால் கிருமித்தொற்று உங்களோடு நிற்காது.

4. புள்ளிகள்

கீழே தள்ளினால் 2, ஸ்வீப் 2, வயிற்றில் முழங்கால் 2, கார்டைக் கடந்தால் 3, மவுண்ட் (எதிராளியின் மேல் ஏறி உட்காருவது) 4, முதுகைப் பிடித்தால் 4. நிலையை 3 விநாடி தக்கவைத்தால்தான் புள்ளி. புதியவர்கள் தள்ளிவிட்ட மகிழ்ச்சியில் அடுத்ததுக்குத் தாவி, அந்த 2 புள்ளியை இழப்பார்கள்.

வெள்ளை பெல்ட்டுக்கு கால் மூட்டுகளைத் தாக்கும் ஹீல் ஹுக், டோ ஹோல்டு, நீ பார் பிடிகளோ மணிக்கட்டுப் பூட்டோ எதுவும் கூடாது. தாவிக் குதித்துக் கார்டு போடுவதும் தடை. எதிராளியைத் தூக்கித் தரையில் அறைந்தால் நேராக வெளியேற்றம். வலியில் ‘அம்மா!’ என்று கத்தினாலும் நடுவர் அதைத் தட்டியதாகவே எடுத்துக்கொள்வார்.

5. எடையும் உடையும்

ஐபிஜேஜேஎஃப் முறையில் முதல் ஆட்டத்துக்குச் சற்றுமுன், கி உடையோடு, ஒரே முறை எடை பார்ப்பார்கள். உடை மட்டும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். ஆண்கள் மிடில் பிரிவின் வரம்பு 82.3 கிலோ. வெறும் உடம்பு 80.6, உடை 1.8 என்றால் மொத்தம் 82.4, அந்த 100 கிராமில் ஆட்டம் முடிந்தது. தண்ணீரை நிறுத்தி எடை குறைக்கவும் பார்க்காதீர்கள். திரும்பக் குடித்துத் தேற நேரமே இருக்காது. உடையோடு வரம்புக்கு ஒரு கிலோ கீழே நிற்காவிட்டால் மேல் பிரிவில் பதியுங்கள்.

உடை வெள்ளை, நீலம், கறுப்பு மட்டும். கையை முன்னால் நீட்டினால் சட்டைக்கை மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறி நிற்கக் கூடாது. டோபி கடையின் சூடான ட்ரையரில் இரண்டு முறை போட்ட பருத்தி உடை இந்த அளவில்தான் தோற்கும். மழைக்காலத்தில் நிழலில் காய ஒன்றரை நாள் பிடிக்கும் என்பதால் இரண்டு உடை வைத்துக்கொள்ளுங்கள். ஈர உடையைக் காரின் பின்பெட்டியில் விட்டால் பூஞ்சை வரும், பிறகு படர்தாமரை. வட்டமாகச் சிவந்த தடிப்பு தெரிந்தால் அன்றே மருந்து தொடங்குங்கள், வாரக்கணக்கில் ஆறும். அதோடு போனால் தோல் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

6. அன்றைய நாள்

ஐசி, பற்கவசம், நகவெட்டி, செருப்பு. வெறுங்காலில் கழிவறைக்குப் போய்விட்டு மேட்டில் ஏறக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். சம்பல் வழியும் நாசி லெமாக் ஆட்டம் முடிந்தபின். அட்டவணை எப்போதும் தள்ளிப்போகும். குளிர்சாதன மண்டபத்தில் உடம்பு ஆறிவிடும். பெயர் கூப்பிடும் கட்டத்தில் மூச்சு ஒருமுறை வாங்கும் அளவுக்கு மறுபடி சூடேற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே நெஞ்சு அடைக்கும்.

தோற்றவுடன் உடையைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். மூன்றே பேர் உள்ள பிரிவில் முதல் ஆட்டத்தில் தோற்றவர்தான் மூன்றாமவரோடு ஆட வேண்டும். மாஸ்டர் பிரிவுகளில் மூன்று பேர் என்பது சகஜம். மேசையில் கேட்டு, ‘முடிந்தது’ என்று சொன்னபின் பெல்ட்டை அவிழுங்கள்.